உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்காதீர்கள்

இந்த வாரம் கண்ணில் பட்ட ஒரு மருத்துவக் காப்பீட்டு செட்டில்மென்ட் கடிதம் கிளப்பிவிட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனிக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஆஸ்பத்திரி கேட்டது இவ்வளவு, நாங்கள் தருவது இவ்வளவு, நடுவில் ஒரு பத்தி முழுக்கக் கழிவு. கையுறை, கழிவு. மாஸ்க், கழிவு. தெர்மாமீட்டர், கழிவு. கடைசி வரியில், எங்கள்மீது நம்பிக்கை வைத்ததற்கு நன்றி. இதைப் படித்து முடித்ததும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டிலும் கிளம்பும் முதல் வசனம் ஒன்றுதான்: "வுட மாட்டேன், கோர்ட்ல பாத்துக்கறேன்!" இந்த வசனத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. கூடவே கரன்ட் பில் தகராறு பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லப்போனால் அதுதான் முக்கியம், நிதானமாக வருகிறேன்.

கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை என்பது மிரட்டுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருந்தும் இந்த மிரட்டல் ஒரு முறைப்படி அரங்கேறியாக வேண்டும். முதலில் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் குரல் உயரும். அடுத்து, "உங்க மேனேஜரக் கூப்டும்மா". பிறகு செல்போனை எடுத்து வட்டத்தில் செல்வாக்கான ஒருவருக்குப் போடுவது. அவர் எடுக்காவிட்டாலும் எடுத்ததுபோல் இரண்டு நிமிடம் பேசுவது. பிறகு மச்சானுக்குத் தெரிந்த வக்கீலின் பெயரை உதிர்ப்பது. கடைசியில் கார்டைத் தேய்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, கல்மண்டபம் தாண்டும்வரை ஆட்டோக்காரரிடம் நாட்டின் நிலைமையை விளக்குவது. இவ்வளவு நடந்தும், கழித்த ஆசாமியின் காதில் ஒரு சொல்கூட விழுந்திருக்காது. கவுன்ட்டர் பெண் ஆஸ்பத்திரி ஊழியர். கழித்தது கம்பெனிக்காக க்ளெய்மைக் கையாளும் டிபிஏ என்ற இடைநிலை நிறுவனமோ, கம்பெனியின் க்ளெய்ம் பிரிவோ, அவர்கள் வேறெங்கோ ஏசியில் இருக்கிறார்கள். கோர்ட் என்றால் அவர்களுக்குப் பயமும் கிடையாது. மாதச் செலவில் வக்கீல் வைத்திருப்பவனுக்கு வழக்கு வருவது வழக்கமான வேலை. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: அந்த மிரட்டலால் எதிராளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, தேதி போட்டு எழுதிய ஒரு பக்கக் கடிதத்தால் உண்டு. வாயால் சொன்னது காற்றோடு போகும், கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கும்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதற்கு முன்னால் அந்தக் கழிவுப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வார்த்தைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பட்டியல்கள் நான்கு. முதலாவதில் 68 பொருள்கள், இரண்டாவதில் 37, மூன்றாவதில் 23, நான்காவதில் 18. மினரல் வாட்டர், டிவி, டெலிபோன், சலவை ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. நியாயம், ஒப்புக்கொள்வோம். அழகு நிலையச் சேவைக்கும் கிடையாதாம். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த எவரோ ஒருவர் ஃபேஷியல் செய்துகொண்டு பில்லை நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது எப்படிப் பட்டியலேறியது? போகட்டும். கழுத்துப்பட்டை கிடையாது, ஸ்ப்ளின்ட் கிடையாது, ஊன்றி நடக்கும் சாதனம் கிடையாது. இந்த முதல் பட்டியலுக்குப் பல பாலிசிகளில் தலைப்பே 'விருப்பப் பொருள்கள்'தான். கால் உடைந்தவன் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று எண்ணம். ஈசிஜி எடுத்தால் பணம் உண்டு, அதற்காக நெஞ்சில் ஒட்டும் எலக்ட்ரோடுக்கு இல்லை. ஆபரேஷனுக்கு உண்டு, டாக்டர் போட்டுக்கொள்ளும் கையுறைக்கு இல்லை. வெறுங்கையால் செய்யும் டாக்டரைத் தேடிப் பிடிப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. மாஸ்க் முதல் பட்டியலில் இருக்கிறது, ஃபேஸ் மாஸ்க் இரண்டாவதில் இருக்கிறது. முகத்தில் மாட்டாத மாஸ்க்கை எங்கே மாட்டுவார்கள் என்று கேட்கக் கூடாது. இரண்டாம் பட்டியலில் சீப்பு உண்டு, ஓடிகொலோன் உண்டு, டூத் பிரஷ், பேஸ்ட், செருப்பு எல்லாம் உண்டு. ஃபைல் திறக்கும் கட்டணம், பார்வையாளர் பாஸ் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப்பட்டைக் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம். இந்தக் கடைசி ஐட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: உள்ளே வந்ததற்கு ஒரு பில், வெளியே போவதற்கு ஒரு பில். சர்க்கரை இல்லாத மாத்திரை கிடையாது, டயப்பர் எந்த வகையானாலும் கிடையாது, கிட்னி டிரே கிடையாது. பிறப்புச் சான்றிதழ் கட்டணம் கிடையாது, சவக்கிடங்குக் கட்டணமும் கிடையாது. மனித வாழ்க்கையின் இரண்டு கோடியையும் மறக்காமல் கழித்தவர்களின் பொறுமையை யாராவது பாராட்டியாக வேண்டும்.

"பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறதே, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதானே?" என்பார்கள். முதல் பட்டியலுக்கு இந்த வாதம் செல்லும். அந்தப் பொருள்களுக்கும் சேர்த்துப் பணம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ரைடர் என்ற கூடுதல் இணைப்பை வாங்க வேண்டும். மற்ற மூன்று பட்டியல்களுக்குச் செல்லாது. சீப்பையும் ஃபைலையும் நோயாளி தலையில் கட்டச் சொல்லி விதி இல்லை. அவற்றை அறை வாடகையிலோ, ஆபரேஷன் கட்டணத்திலோ, சிகிச்சைச் செலவிலோ அடக்கிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி அடக்காமல் தனியே பில் போடுகிறது, கம்பெனி அதைக் கழிக்கிறது, இரண்டு பேருக்கும் நடுவில் நாம் கார்டைத் தேய்க்கிறோம். அறை வாடகைக் கழிவும் இப்படித்தான். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம் என்றிருந்தால் நாளுக்கு 3,000 ரூபாய். 5,000 ரூபாய் அறையில் படுத்தால் டாக்டர் ஃபீஸ் முதலானவற்றிலும் அறுபது சதவீதம்தான் வரும். ஆனால் மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றை அந்த விகிதத்தில் வெட்டக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. மொத்த பில்லையும் ஒரேயடியாக அறுபது சதவீதமாக வெட்டியிருந்தால் கடிதத்தில் எழுத வேண்டிய முதல் வாக்கியம் அதுதான். கவுன்ட்டரில் கத்துகிற கத்தலில் இதைச் சொன்னவர் எவரும் உண்டா?

எங்கள் வடசென்னைப் பகுதியில் இன்னொரு கொடுமையும் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் ஈஎஸ்ஐயில் இருக்கும்வரை தொழிலாளிக்கு இந்தப் பட்டியலைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈஎஸ்ஐயை விட்டு வெளியே வந்தாக வேண்டும். சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தோடு குரூப் பாலிசிக்குள் நுழைபவர்தான் முதன்முதலாகக் கிட்னி டிரேயைச் சந்திக்கிறார்.

இனி வழி. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. கம்பெனிக்கும் இல்லை என்பதுதான் இதில் இனிப்பான பகுதி. இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் செய்துவைப்பார், இல்லாவிட்டால் ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. கம்பெனி 30 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குச் சேர வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் போய்ச் சேரலாம். வழியில் உயர் நீதிமன்றம் என்று ஒரு ஸ்டேஷன் வரும், ரத்தம் கொதிக்கும், இறங்காதீர்கள். பிறகு எல்ஐசி என்று ஒன்று வரும், அங்கேயும் சண்டை வேண்டாம், பாலிசி அவர்களுடையது அல்ல. ரயிலேற மனமில்லாதவர்கள் ஆன்லைனிலேயே புகார் தரலாம், வீடியோவில் விசாரணைக்கு உட்காரலாம்.

"கோர்ட்டுக்குப் போகாமல் சமாதானமாகப் போவது ஏமாந்தவன் வேலை" என்று ஒரு வீராப்பு வாதம் இருக்கிறது. இதற்குப் பதில் நம் கண் முன்னால் கடலில் நிற்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் வந்துபோகும் கப்பல்களின் மதிப்பு கோடிகளில். அந்த உலகத்தில் தகராறு வந்தால் முதலில் வருபவர் சர்வேயர், அடுத்து வருவது கடிதம், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கடுத்த இடம் மத்தியஸ்தரின் அறை. தத்தளிக்கும் கப்பலை மீட்க உலகெங்கும் கையெழுத்தாகும் லாயிட்ஸ் ஒப்பந்தப் படிவம் 1908 முதல் இருக்கிறது. மீட்காவிட்டால் காசு இல்லை, தகராறு வந்தால் லண்டனில் மத்தியஸ்தம், அவ்வளவுதான் அதன் சாரம். கப்பலையே பறிகொடுக்க இருப்பவன் கோர்ட் வேண்டாம் என்கிறான். எலக்ட்ரோடு பறிகொடுத்தவன்தான் சுப்ரீம் கோர்ட் வரை போவேன் என்கிறான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஆம்புட்ஸ்மேன் அலுவலகச் செலவைக் கொடுப்பதே காப்பீட்டுக் கம்பெனிகள்தான், அங்கே நியாயம் கிடைக்குமா? சந்தேகம் தப்பில்லை, எனக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் விதியைப் பாருங்கள். தீர்ப்பு கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும், நம்மை அல்ல. பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்ச ரூபாய் வரை அங்கேயும் கட்டணம் இல்லை. தலைகீழாகப் போகத்தான் முடியாது. நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் தொடமாட்டார். வாய்ச்சவடால் விட்டவருக்கு நஷ்டம் தொண்டைத் தண்ணீர் மட்டும். சொன்னபடி நேரே கோர்ட்டுக்குப் போய்விட்ட ரோஷக்காரர் இலவசக் கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறார். "அதுக்கெல்லாம் யாருங்க எழுதிக்கிட்டு" என்பது மூன்றாவது ஆட்சேபம். இதற்கு என்னிடம் பதில் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. வாட்ஸாப்பில் குடும்பத் தகராறுக்கு நாலு பக்கம் டைப் அடிக்கும் விரல், பாலிசி எண், க்ளெய்ம் எண், கழித்த தொகை, மீறிய விதி என்று பத்து வரி அடிக்க வலிக்கிறதாம்.

கரன்ட் பில்லுக்கு வருவதாகச் சொன்னேன். இடம் இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தில் அதற்கும் ஒரு நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் ஒரு ஆம்புட்ஸ்மேனும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போதைக்கு அலமாரியைத் திறந்து, உங்கள் புகாரைக் கம்பெனி நிராகரித்த கடிதம் எப்போது வந்தது என்று பாருங்கள். ஆம்புட்ஸ்மேனிடம் போக அது கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம்.