அடுக்கு மாமி

யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு அடுக்கு மாமி உண்டு. ஆடியில் சோளகம் புழுதி வாரும்போது, ஒரு வளவுக்குள் மட்டும் கொடியிலும் வேலியிலும் கிணற்றுக்கட்டிலும் வீட்டுச் சாமான் முழுக்க வெளியே வந்து காய்ந்தால், அது அவருடைய வீடு.

ஊருக்கு இரண்டு பருவம்: கோடை, மாரி. மாமிக்கு மூன்று. மூன்றாவது, நல்லூர்த் திருவிழா. கொடியேறினால் 25 நாள். வெளிநாட்டுச் சனம் வந்திறங்குவதும் அதையொட்டித்தான். அதற்கு முன்பே அன்றாடப் பேணிகள் உள்ளே போய், பொன்விளிம்புக் கோப்பைகள் வெளியே வந்துவிடும். மாமாவின் நைந்த துவாயும் தலைமறைவாகும். வந்தவர்களோ போத்தல் தண்ணீரைக் கையோடு கொண்டு திரிவார்கள். கோப்பைகள் கழுவிய ஈரம் காய்ந்ததும் திரும்ப அலுமாரிக்குப் போகும்.

போகிறவர்கள் சும்மா போவதில்லை. "மாமி, இது இஞ்ச கிடக்கட்டும், அடுத்தமுறை வரேக்க எடுக்கிறன்" என்று ஒரு மார்கழியில் ரொறன்ரோ மருமகன் விட்டுப்போன தடித்த ஜக்கெற், வருஷா வருஷம் வெயில் காய்ந்து, பொக்கற்றுக்குள் புது நப்தலீன் உருண்டையோடு படுக்கைக்குத் திரும்புகிறது. கொடியில் அதைக் கண்டாலே மாமாவுக்கு வியர்க்கும்.

ஆனால் மாமியின் உண்மையான வித்தை மாரிக்கு முந்திய புரட்டாதியில்தான் தெரியும். பனைமட்டை, ஊமல், பொச்சுமட்டை எல்லாம் தனித்தனியாகக் கொட்டிலுக்குள் ஏறவேண்டும். அடியில் கல், கல்லின்மேல் தடி, தடியின்மேல் மட்டை. கறையானுக்கு வழியே இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே யூ.என்.எச்.சீ.ஆர் என்ற நீல எழுத்து மங்கிய படங்கு. மாசியில் அதில்தான் ஒடியல் காயும், சித்திரையில் மிளகாய். அந்த வீட்டில் வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் உழைப்பது படங்கும் மாமாவும்தான். "காஸ் அடுப்பு இருக்கெல்லோ, ஏன் இவ்வளவு விறகு?" என்று கேட்டுப் பாருங்கள். "2022 இல காஸுக்கு வரிசையில நிண்டது மறந்துபோச்சோ?" என்று வரும்.

இத்தனை ஏற்றி இறக்கலிலும் இடம் மாறாதது ஒன்றுதான்: காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள சிப் வைத்த பை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமச் சனம் போரில் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, அடுக்கிய சாமான் அத்தனையும் பின்னால் நிற்க, மாமியோடு நாவற்குழிப் பாலம் தாண்டியது அது மட்டுமே. அதை ஒருவரும் பகிடி பண்ணுவதில்லை.

மற்றதெல்லாம் பகிடிக்குரியதே. போன ஆவணியில் திடீரென்று மழை கொட்டியது. மாமா கடைக்குப் போகவேண்டும்.

"இஞ்சேரப்பா, குடை எங்க?"

"குடை மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால கிடக்கு. ஐப்பசியிலதான் இறக்குறது."

மாமா வாதாடவில்லை. தலையில் ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு படலையைத் திறந்தார். திண்ணையிலிருந்து குரல் துரத்தியது:

"நில்லுங்கோ! உந்தப் பையை எங்கயிருந்து எடுத்தனீங்கள்? லண்டனுக்குத் தூள் கட்ட வைச்ச பையெல்லோ அது!"