ரோசாப்பூ துரை மாதிரி ஆயிராத, பேராண்டி

வாங்க வக்கீலய்யா, உக்காருங்க. அந்தக் கோட்டைக் கழத்திரு சாமி, உத்தமபாளையம் வெயிலுக்குச் சட்டையே பாரம். பைக்குல முன்னாடி ஒரு வக்கீல் ஸ்டிக்கர், பின்னாடி ஒரு ஸ்டிக்கர். பார் கவுன்சில்ல பதிவு பண்ணது நீயா, உன் வண்டியா?

ஆயுசு பூரா வக்கீல் குமாஸ்தாவா கேஸ் கட்டைச் சுமந்தவன் சொல்றேன், கேட்டுக்க. நீ முன்னுக்கு வரணும்னா ஒருத்தரை மட்டும் பாத்துப் பழகிராத. மதுரை யானைக்கல்லுல சிலையா நிக்கிறாரே ரோசாப்பூ துரை, பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், அவரைத்தான் சொல்றேன். பொழைக்கத் தெரியாத மனுசன்.

மலைக்கு அங்கிட்டிருந்து நம்ம சீமைக்கு ரெண்டு வந்துச்சு. 1895-ல பெரியாத்துத் தண்ணி. அப்புறம் செங்கன்னூர்ல பொறந்த இந்த வக்கீல். தண்ணிக்காக இன்னைக்கும் கோர்ட்டுக்கு அலையுறோம். வக்கீலைத் திருப்பிக் குடுன்னு மட்டும் கேரளாக்காரன் இதுவரைக்கும் கேக்கல.

எடின்பரோவுல எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிள்ல பாரிஸ்டர். 1909-ல திரும்பி வந்து, மெட்ராஸ்ல கொஞ்ச காலம் இருந்துட்டு மதுரைக்கு வந்தாரு. அவ்வளவு படிச்சவர் யாரைப் புடிக்கணும்? ஜமீன்தாரை, மில் முதலாளியை. இவரு 1918-ல மில் தொழிலாளிக்குச் சங்கம் கட்டப் போனாரு. அது போதாதுன்னு, ரேகைச் சட்டத்துல மாட்டுன பிரமலைக் கள்ளர் சனத்துக்கு வக்காலத்து வாங்குனாரு.

ரேகைச் சட்டம்னா உனக்குப் பரிச்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. எங்க அய்யா காலத்து ஆளுகளுக்கு அது விரல்ல காயாத மை. 1871-ல வடக்க போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல திருத்தி, மெட்ராஸ் மாகாணத்துக்கும் இழுத்து விட்டான் வெள்ளைக்காரன். குத்தம் செஞ்சிருக்கணும்னு இல்ல, பொறந்திருந்தாப் போதும். ராத்திரியானா ஆம்பளை தன் வீட்டுல படுக்கக் கூடாது, காவக்காரன் கண்ணு முன்னாடி போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு வேணும். சந்தையில மாட்டை வித்துட்டு வர நேரமாயிருச்சுன்னா அதுவே கேஸு. உசிலம்பட்டிப் பக்கம் மட்டுமில்ல, கம்பம் பள்ளத்தாக்குச் சனமும் இதுல வெந்துச்சு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, சட்டம் படிச்ச நீ ரசிக்கணும். இன்ன சாதி குற்றப் பரம்பரைன்னு சர்க்கார் அறிவிச்சா, அது செல்லுமான்னு எந்தக் கோர்ட்டும் கேக்கக் கூடாது. சட்டத்துக்குள்ளயே அப்படி எழுதி வச்சிட்டான். வீட்டைக் கட்டி வாசலையும் சேத்துப் பூசிவிட்ட கொத்தனார் வேலை. வெவரமான வக்கீல்னா, "பீஸை வச்சிட்டுப் போங்க, பாப்போம்"னு அனுப்பியிருப்பான். துரை ஒவ்வொரு ஆளுக்கா கோர்ட்டுல நின்னாரு, பத்திரிகையில எழுதித் தள்ளுனாரு. கட்சிக்காரன் மடியிலயோ ராதாரிச் சீட்டைத் தவிர ஒண்ணுமில்ல.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல, ரேகை வைக்க மாட்டோம்னு சனம் நின்னுச்சு. போலீஸ் சுட்டுச்சு. 16 பேருக்குக் குறையாமச் செத்தாக. மாயக்கான்னு ஒரு பொம்பளையும் அதுல ஒருத்தி. இந்த இடத்துல எனக்குக் கேலி வரல, விடு.

அந்தச் சமயம் பாத்து, ஒத்துழையாமைன்னு காந்தி சொல்லவும் கொட்டுற வருமானத்தைத் தூக்கிப் போட்டாரு. அலகாபாத்துல மோதிலால் நேருவோட பத்திரிகைக்கு ஆசிரியர். அங்கயே ஜெயில். வெளிய வந்து காந்தியோட 'யங் இந்தியா'. 1924-ல வைக்கம் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம், அங்கயும் ஜெயில். தீண்டாமை இந்துக்கள் தீக்க வேண்டிய பாவம், கிறிஸ்தவர் நீங்க ஒதுங்கிக்கங்கன்னு காந்தியே எழுதினாரு. ஒதுங்கச் சொன்னா ஒதுங்குற ஆளா அது? நீ ஸ்டேசன்ல ஏட்டய்யா முறைச்சாலே ஒதுங்கிருவ, அந்த மட்டும் நல்ல புள்ள.

திரும்பவும் மதுரைக்கு வந்து கோட்டை மாட்டுனாரு. 1933-ல விருதுநகர் வெடிகுண்டு வழக்குல ஒரு முப்பது வயசு இளவட்டத்தைக் கோத்து விட்டாக. துரையும் வரதராஜுலு நாயுடுவும் வாதாடி, அந்த ஆளு மேல போட்டது பொய்னு உடைச்சாக. அந்த இளவட்டம் காமராசு. பீஸ் பாக்கின்னு ஒரு சீட்டு எழுதி வாங்கியிருந்தா, 1954-ல முதலமைச்சர் ஆனதும் வட்டியோட வசூலிச்சிருக்கலாம். அதுக்கு உசுரு இருக்கணும்ல? 1937-ல டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனவரு, மறுவருசம் மார்ச்சுல அம்பது வயசுல போயிட்டாரு.

மெட்ராஸ்ல ரேகைச் சட்டத்தை எடுத்தது 1947-ல. வக்கீல் போயி ஒம்பது வருசம். அது வரைக்கும் கட்சிக்காரன் ஒருத்தனும் வேற வக்கீலைப் பாத்துக்கிறேன்னு கட்டைத் திருப்பிக் கேக்கல. உன்கிட்ட அந்த சின்னமனூர்க்காரன் ரெண்டாவது வாய்தாவுலயே கேட்டுட்டான். வரப்புத் தகராறுக்கு வந்தவன், எதிராளி மூணு தடவை வாழைத்தார் வெட்டி லாரி ஏத்திட்டான். நீ இன்னும் பதிலுரை தாக்கல் பண்ணல. பீஸை மட்டும் அன்னைக்கே வாங்கிட்ட. அங்கதான் நீ துரையைத் தாண்டி நிக்கிற, அதை ஒத்துக்கிறணும்.

ஜார்ஜ் ஜோசப்னு சொல்ல அந்தச் சனத்துக்கு நாக்குப் புரளல. கோட்டுல ரோசாப்பூ குத்தியிருப்பாருன்னு சொல்லுவாக, அதைப் பாத்து ரோசாப்பூ துரைன்னாக. அந்தப் பேருதான் அவருக்குக் கிடைச்ச பீஸு. இன்னைக்கும் நினைவு நாளுக்குப் போயி சிலைக்கு மாலை போடுறாக.

உனக்கும் கோர்ட்டு வாசல்ல கட்சிக்காரங்க ஒரு பேரு வச்சிட்டாக, தெரியுமா? என்ன பேருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். பூ பேரு இல்ல.