கையெடுக்காத மாஸ்டர்

விழுப்புரம் ஜங்ஷனில் காலைப் பாசஞ்சர் வண்டியைப் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய பத்திர எழுத்தர் கடைகளில் பகல் முழுவதும் கிரயப் பத்திரமும் தான செட்டில்மெண்டும் அடித்துக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் அதே தண்டவாளத்தின் வழியே வீடு திரும்பும் ஒரு வகை மனிதர் உண்டு. இவர்கள் யாவரும் வாலிபப் பிராயத்தில் ஏதோ ஒரு மாடியறை இன்ஸ்டிடியூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று மாதக்கணக்கில் தவமிருந்து, நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்து லோயரும் 45 வார்த்தை அடித்து ஹையரும் தேறியவர்கள். அவர்களுள் ஒருவரை நான் நன்கு அறிவேன். ஒரு காலத்தில் சொந்தமாகவே இன்ஸ்டிடியூட் நடத்தியவராகையால், அது மூடிப் பல வருஷங்கள் ஆன பின்பும் ஊரார் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள்.

மாஸ்டருடைய மதத்தில் பாவம் ஒன்றே ஒன்றுதான்: விசைப்பலகையிலிருந்து கையை எடுப்பது. இடக்கை விரல்கள் நான்கும் வலக்கை விரல்கள் நான்கும் தத்தம் வீட்டு எழுத்துகளின்மேல் பதிவிரதைகளைப்போல் வீற்றிருக்க வேண்டும். வெளியே போனாலும் காரியம் முடிந்த மறுகணமே வீடு திரும்பிவிட வேண்டும். கடைக்கு வருகிறவர் பஞ்சாயத்துத் தலைவரே ஆனாலும், அவர் கும்பிட்டால் மாஸ்டர் தலையை அசைப்பாரேயன்றிக் கையெடுத்துக் கும்பிட மாட்டார். இதைக் கர்வமென்று நினைத்துக் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட நியமசீலரின் வாழ்க்கையில் மவுஸ் என்னும் பிராணி புகுந்தது. இந்தியாவிலேயே செய்த முதல் தட்டச்சு இயந்திரத்தை 1955இல் கோத்ரெஜ் கம்பெனியார் வெளியிட்டார்களே, அந்த வம்சத்து இயந்திரங்கள் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போன அன்று அவர் கண் கலங்கவில்லை. கணினியிலும் அதே எழுத்து வரிசை இருந்ததால் மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் ஒரு வரியைத் திருத்துவதற்கு வலக்கை தன் வீட்டைத் துறந்து, ஒரு சாண் தூரம் பிரயாணம் செய்து, ஒரு பிளாஸ்டிக் எலியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றபோதுதான், கலியுகம் முற்றிவிட்டது என்று அவருக்கு நிச்சயமாயிற்று.

மாஸ்டரின் மனஸ்தாபத்துக்கு மேலைநாட்டிலும் சாட்சி இருக்கிறது என்பதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பின்னால் அதற்காக வருந்தினேன். விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கை போய்ச் சேர முக்கால் வினாடி ஆகிறது என்ற கணக்கைப் படித்து மனம் பொறாமல், விசைகளின் நடுவே விரல் நுனியால் தள்ளும்படி ஒரு சிறு குமிழை நட்டவர் டெட் செல்கர் என்பவர், ஐ.பி.எம். கம்பெனியின் திங்க்பேட் மடிக்கணினியில் 1992இல் அது செக்கச்செவேலென்று குங்குமப் பொட்டைப்போல் வந்து உட்கார்ந்தது. இவ்வளவும் ஏன், மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டே 1968 டிசம்பரில் அதைச் சபையோருக்குக் காட்டியபோது, இடக்கைக்கென்று ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகையையும் உடன் வைத்திருந்தார். ஒரு கை சுட்டும்போது மறு கை எழுதலாம் என்பது அவர் ஏற்பாடு. உலகம் எலியை எடுத்துக்கொண்டு பலகையைக் கைவிட்டது. இதைக் கேட்ட மாஸ்டர், “முக்கால் வினாடி சார், போக முக்கால், வர முக்கால்!” என்று ஒன்றரை வினாடியை வாழ்நாள் முழுவதுக்கும் பெருக்கத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் அவர் விரல்களிலேயே அணிந்துகொள்ளும் மவுஸ்களை வரவழைக்கலானார். முதலில் வந்தது, ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு மேஜைமேல் தேய்க்கும் ஒரு சிறு கருவி. அதன் அடிவயிற்றில் ஓர் ஒளிக்கண் உண்டு. கீழேயுள்ள பரப்பை இடைவிடாமல் படம்பிடித்து, படத்துக்குப் படம் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு எத்திசையில் நகர்ந்தோம் என்று அது அறிந்துகொள்ளும். மாஸ்டரின் மேஜையிலோ, நம் தேசத்து மேஜைகளின் சம்பிரதாயப்படி, கனத்த கண்ணாடி போட்டு அதன்கீழ் மயிலம் முருகனையும் பேரக் குழந்தைகளையும் வைத்திருந்தார்கள். வழவழவென்ற கண்ணாடியில் படம்பிடிக்க ஒன்றும் அகப்படாமல் அந்தக் கண் திகைத்து நின்றது. பழைய காலண்டர் அட்டை ஒன்றைப் போட்டு அந்தக் கண்டத்தைக் கடந்தார். ஆனால் மறுநாள் காலையில் அவர் கருவியைக் கழற்றாமலே விபூதி இட்டுக்கொண்டதில், அந்தக் கண்ணில் பூரணமாகப் புரை விழுந்துவிட்டது.

இரண்டாவது, நிஜமாகவே மோதிரம். இத்தகைய யோசனையில் நம்மவர்கள் பின்தங்கியவர்களல்லர்: குஜராத்தைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி 2009இல் மைசூர் மேடையில், விரல் நுனிகளில் வர்ணக் குல்லாய்களை அணிந்து காற்றிலேயே கணினியை ஆட்டி வைத்த கதையைச் சொன்னார், கொச்சியில் சில இளைஞர்கள் கட்டைவிரல் மோதிரம் ஒன்றுக்கு ஃபின் என்று பெயரிட்டு, 2014இல் உலகத்தாரிடம் இணையவழியே பணம் திரட்டினார்கள். மாஸ்டருடையது அந்த உயர்குலத்ததன்று. விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு காற்றில் விரலை அசைத்தால், திரையில் அம்பு அசையும். ஆள்காட்டி விரலில் ஏற்கெனவே ஜோசியர் சொற்படி குரு பகவானுக்காக அணிந்த புஷ்பராகம் இருந்தது. குருவை நடுவிரலுக்கு மாற்றல் செய்துவிட்டு அந்த ஸ்தானத்தில் இதை அமர்த்தினார். குருவின் கோபந்தானோ என்னவோ, முதல் வாரத்திலேயே வீட்டு அம்மாள் இதை மெருகு மங்கிய மோதிரம் என்று எண்ணிப் புளி போட்டு விளக்கிவிட்டாள். புளியமரக் காடான திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்பார்கள். அவ்வூர்ச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஆபரணத்துக்குப் புளி அபிஷேகம் பொருத்தந்தான். ஆச்சரியம், அது பிழைத்துக்கொண்டது.

பிழைக்காமலே இருந்திருக்கலாம். ஒருநாள் ஒரு நஞ்சை நிலத்தின் கிரயத்துக்குச் செக்குபந்தி அடித்துக்கொண்டிருந்தார். ‘ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, பங்காளி கிணற்றுக்கு மேற்கு’ என்று எல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்த குடியானவருக்குத் திசையில் சந்தேகம் வந்துவிட்டது. நிலத்தின் எல்லையை வாயால் மட்டும் சொல்லக்கூடிய தமிழன் இன்னும் பிறக்கவில்லை. மாஸ்டரும் தம் விரதத்தை மறந்து கையை உயர்த்தி, “வாய்க்கால் இப்படி, பாதை இப்படி, கிணறு இதோ இப்படி!” என்று ஆகாயத்தில் புலப்படம் வரைந்தார், ஆவேசத்தில் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. அச்சடித்துப் படித்துப் பார்க்கையில், பங்காளியின் கிணறு தன் இடத்திலிருந்து புறப்பட்டு, ‘இதன் மத்தியில்’ என்ற வரியின்கீழ் வந்து, விற்கும் சொத்தோடு ஐக்கியமாயிருந்தது. வாங்குகிறவரின் முகத்தில் அப்போது பரவிய சாந்தத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பங்காளி மட்டும் அங்கு இல்லை என்பது மாஸ்டர் செய்த புண்ணியம்.

ஆயினும் மோதிரத்தை அவர் கழற்றிவிடவில்லை. மறுநாள் காலை வண்டியில் எதிர்ப்பலகையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து, விரலில் மாட்டியிருந்த ஜப எண்ணியைச் சொடுக்கிச் சொடுக்கி ராமநாமம் சொல்லிக்கொண்டு வந்தாள். மாஸ்டரோ செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, மோதிரப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். கிழவி வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எவ்வளவு சாமி ஆச்சு?” என்று கேட்டாள்.

விலையைக் கேட்கிறாள் என்று நினைத்த மாஸ்டர், சற்றுப் பெருமிதத்துடனேயே, “ஆயிரத்து எண்ணூறு அம்மா” என்றார்.

“முண்டியம்பாக்கம் தாண்டறதுக்குள்ளவா!” என்று கிழவி வாய்மேல் கைவைத்தாள், பிறகு தன் எண்ணியைப் பார்த்து வெட்கப்பட்டவளாய், எழுந்து மாஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெட்டியில் மேலும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன தோன்றியதோ, கண்களை மெதுவாக மூடிக்கொண்டார். விக்கிரவாண்டி வரும்வரையில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.