பல் கிளிப்பைத் தோற்கடிப்பது எப்படி?

மேல்பல் துருத்தி, கீழ்த்தாடை பின்வாங்கிய பிள்ளைக்கு 'ட்வின் பிளாக்' போடச் சொல்லிவிட்டாரா பல் டாக்டர்? ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் கொண்டுவந்த கிளிப் அது. பயப்படாதீர்கள். பணத்தையும் கட்டி, பலனும் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

1. தள்ளிப்போடுங்கள். தாடை மளமளவென்று வளரும் பத்துப் பன்னிரண்டு வயதில் போட்டால்தான் கிளிப்புக்குப் பலன் அதிகம். "காலேஜ் போறப்ப பாத்துக்கலாம்" என்றால் வேலை முடிந்தது.

2. எல்லாம் கிளிப்பே பார்த்துக்கொள்ளும் என்று நம்புங்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. வாயை மூடும்போது இரண்டிலும் உள்ள சரிவான கட்டைகள் உரசி, கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும். பழைய இடத்துக்கு இழுக்கும் தசைகளின் விசைதான் பல்லை நகர்த்துகிறது. டப்பாவுக்குத் தசை கிடையாது. அதனால் கிளிப்பை டப்பாவிலேயே வையுங்கள்.

3. முதல் வலியிலேயே கழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்கு முன்னால் கன்னத்தில் விரல் வைத்தால் புடைக்கிறதே, அது மாஸெட்டர் தசை. புது நிலைக்குப் பழகும்வரை சில நாள் வலிக்கும், எச்சில் ஒழுகும், 'ச' எல்லாம் 'த' ஆகும். பழகவே விடாதீர்கள்.

4. சாப்பிடும்போதும் போடச் சொல்லியிருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். தசைகள் மும்முரமாக உழைக்கும் நேரம் அதுதான். கல்யாணப் பந்தி என்றால் டிஷ்யூவில் சுற்றி இலை ஓரமாக வையுங்கள். பாயசம் முடிவதற்குள் இலையோடு கிளிப்பும் போய்விடும்.

5. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கழுவுங்கள். பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும் என்பார்கள். வெந்நீரில் அக்ரிலிக் தட்டுகள் கோணிக்கொள்ளும். பிறகு போடவே முடியாது.

6. டாக்டரைப் பார்க்கும் முதல் நாள் ராத்திரி மட்டும் போட்டுவிடுங்கள். அவர் பிள்ளையை உட்காரவைத்து ஸ்கூல் கதை கேட்பார். தினமும் போடும் பிள்ளை கடகடவென்று பேசும். உங்களுடையது இரண்டாவது வாக்கியத்திலேயே எச்சிலை உறிஞ்சும். தட்டைப் புரட்டிப் பார்த்தால் கடித்த தடமே இல்லாமல் புத்தம்புதிதாகப் பளபளக்கும். அப்போது கூசாமல் சொல்லுங்கள்: "எங்க வம்சத்துக்கே பல்லு இப்படித்தான் டாக்டர்!"