தொட்டுக்கிட என்ன?

எங்கள் வீட்டில் அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்தால் எட்டுப் பேர் சாப்பிடுவோம். இது கஷ்டக் கதை இல்லை, குழம்பின் மகிமை. தேங்காயை அரைத்து ஊற்றி, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கக் கேட்கத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு எலும்பும் விழும். மீதிச் சோற்றுக்குக் குழம்பே கறி. இப்படி வளர்ந்த ஒருவனை, சோறும் குழம்பும் இல்லாமல் வெறும் கறியைத் தணலில் வாட்டித் தட்டில் வைக்கிற ஊர்களில் இறக்கிவிட்டால் என்ன செய்வான்? சாப்பிடுவான். நான் வெட்கப்படாமல் சாப்பிட்டேன்.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். துறைமுகத்தில் கால் வைத்ததும் மற்றவர்கள் சிம் கார்டு தேடுவார்கள், நான் புகை வரும் திசையைத் தேடுவேன். சாப்பிட்ட கையோடு தூத்துக்குடிக்குப் போன் போட்டு மாமாவிடம் சொல்லியாக வேண்டும். மாமாவுக்கு ஊர், விலை, ருசி எதுவும் முக்கியமில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும்ல. தொட்டுக்கிட என்ன குடுத்தானுவ?" என்பார். பாஸ்போர்ட்டே எடுக்காத மனிதர், இந்த ஒரே கேள்வியை வைத்து அத்தனை நாடுகளுக்கும் மார்க் போட்டுவிட்டார்.

புவெனஸ் ஐரிஸில் துறைமுக ஆபீஸ்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். நான் காலையில் பட்டினி கிடந்து போய் நின்றால், மனிதர் அப்போதுதான் விறகைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். அர்ஜென்டினாவில் இதற்கு அசாடோ என்று பெயர். விறகு எரிந்து அடங்கி, கங்கு வெள்ளை பூத்த பிறகுதான் கறியைக் கம்பித்தட்டில் போடுவார்கள். தீ நாக்கு கறியைத் தொடக் கூடாது. அவர் உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே பிடித்து, சூடு பொறுக்காமல் எடுக்கும் வரை வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். திருப்தியில்லை. இடுக்கியால் இரண்டு கங்கை இந்தப் பக்கம் நகர்த்தினார். மறுபடி எண்ணினார். மசாலா? கல்லுப்பு. அவ்வளவுதான்.

முதலில் வந்தது விலா எலும்பு அல்ல, குடல். மாட்டின் சிறுகுடலை முறுகலாக வாட்டி எலுமிச்சை பிழிந்து வைத்தார்கள். பின்னாலேயே ரத்தம் அடைத்த கறுப்புத் தொத்திறைச்சி. ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் தின்று வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஏது? என்னுடன் வந்த சீஃப் ஆபீசர்தான் பாவம், தட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். எல்லாம் மேசைக்கு வந்ததும் ஒருவர் குரல் கொடுக்க, சுட்டவருக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே அதுதான் முறையாம். எங்கள் அம்மா நாற்பது வருஷம் சமைத்ததற்கு நாங்கள் கைதட்டியதில்லை. உப்பு ஒரு கல் தூக்கல் என்பதை மட்டும் தவறாமல் சொல்லியிருக்கிறோம்.

தொட்டுக்கொள்ள சிமிசுரி. பார்ஸ்லி இலை, பூண்டு, ஓரிகானோ, காய்ந்த மிளகாய், வினிகர், எண்ணெய். அதையும் தொத்திறைச்சியோடு வைத்துக்கொள், நல்ல கறித்துண்டின் மேல் ஊற்றாதே என்று மெல்லச் சொன்னார்கள். மாமாவிடம் விவரித்தேன். "மல்லித் துவையல்ல எண்ணெயக் கொட்டிட்டானுவ. சரி, பாஸ்" என்றார்.

பெயில் ஆனது டெக்சாஸ்.

ஹூஸ்டனில் கப்பல் நின்றபோது அங்கே குடியிருக்கும் கல்லூரி நண்பன் காரில் லாக்ஹார்ட் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாட்டின் நெஞ்சுக்கறியை உப்பும் மிளகும் தடவி, ஓக் விறகின் புகையில் 110, 120 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கிடத்துகிறார்கள். உழைத்து உரமேறிய முரட்டுக் கறி அது. அவசரப்பட்டால் செருப்புத்தோல். பொறுத்தால் நார் உருகி, விரல் பட்டதும் விட்டுக்கொடுக்கும். நடுவில் ஒரு சோதனை உண்டு. கறியின் உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும். அடுப்பு எரிகிறது, கறி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதனால்தான்: கறியின் ஈரம் ஆவியாகி வெளியேறும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அனுபவசாலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். புதியவன் பதறிப்போய் விறகைத் திணிப்பான்.

அந்த ஊரில் 1900-லிருந்து நடக்கும் க்ரைட்ஸ் மார்க்கெட், சாஸும் முள்கரண்டியும் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய கடை. கறியைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள், கையால் தின்ன வேண்டியிருந்தது. கை விஷயத்தில் நமக்குச் சிரமமில்லை. இந்தக் கடைக்கு ஒரு குடும்பக் கதை இருக்கிறது. அப்பாவிடமிருந்து கட்டடம் மகளுக்கு, வியாபாரம் மகனுக்கு என்று ஆனது. வாடகையில் ஒத்துவரவில்லை. 1999-ல் மகன் அதே ஊரில் வேறு இடத்தில் பெரிதாகக் கடை கட்டி, பழைய அடுப்பின் கங்கை ஒரு தொட்டியில் அள்ளி, ஊர் வேடிக்கை பார்க்கத் தெரு வழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார். மகள் பழைய கட்டடத்திலேயே தன் கடையைத் திறந்தார்.

மாமா இதை மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டார். "கங்கு மவனுக்கு. செரி. அம்மியும் ஆட்டுக்கல்லும் யாருக்குல?" என்றார். அம்மியே கிடையாது, தொட்டுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை என்றேன். "வெறும் கறியவா தின்னுட்டு வந்த?" என்றவர் அதன் பிறகு டெக்சாஸ் பற்றிப் பேச விரும்பவில்லை. எனக்கோ இன்றுவரை அதைவிட நல்ல மாட்டுக்கறி வாய்க்கவில்லை. மாமா தீர்ப்பில் நான் ஒத்துப்போகாத ஒரே இடம் இது.

பூசானில் மேசை நடுவே அடுப்பு, கையில் ஒரு கத்தரிக்கோல். பன்றி வயிற்றுக்கறியை நாமே வாட்டி, நாமே வெட்டி, கீரை இலையில் பூண்டும் சம்ஜாங் விழுதும் வைத்து மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும். "காசயும் வாங்கிட்டு நம்மளயே வேக வைக்கச் சொல்லுதானா?" என்று மாமா கொதித்தார். சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாகக் கிம்ச்சியும் கூட்டுவகையும் வைப்பார்கள், தீரத் தீரக் காசில்லாமல் நிரப்புவார்கள் என்றதும் கொரியா முதல் வகுப்பில் தேறிவிட்டது. சிங்கப்பூர் சாத்தேக்குச் சிபாரிசே தேவைப்படவில்லை. வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரிக்காய், வெங்காயம், அமுக்கி வேகவைத்த சோற்றுக்கட்டி. சோறு என்ற சொல்லிலேயே மாமா விழுந்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் சுடுவது சமையல் இல்லை, பொதுக்காரியம். பூங்காக்களில் ஊர்க்காசில் மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். தேர்தலன்று வாக்குச்சாவடி வாசலில் பள்ளிக்கூடப் பெற்றோர்கள் தொத்திறைச்சி சுட்டு, ரொட்டித்துண்டில் வெங்காயமும் தக்காளி சாஸும் சேர்த்துப் பள்ளி நிதிக்காக விற்பார்கள். ஜனநாயகத் தொத்திறைச்சி என்று அதற்குப் பெயர். 2016-ல் அங்கத்திய அகராதி மையம் அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. "நம்மூர்ல ஓட்டுப் போட்டா அவங்க குடுப்பாங்க. அங்க நம்ம குடுக்கணுமா? வெளங்கிரும்" என்றார் மாமா. 2018-ல் ஒரு பெரிய ஹார்டுவேர் கடைத்தொடர், வெங்காயம் கீழே சிந்தி ஆட்கள் வழுக்கி விழாமலிருக்க, இனி தொத்திறைச்சிக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல, நாடே இரண்டுபட்டது. பிரதமரிடமே கருத்துக் கேட்டார்கள். மேலோ கீழோ, நான் வாங்கித் தின்பேன் என்கிற மாதிரிச் சொல்லி அவர் தப்பித்தார்.

டர்பனுக்கு வேறு கணக்கு. 1860-ல் கரும்புத் தோட்டத்துக்கென்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய் இறங்கியவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. தென்னாப்பிரிக்கர்கள் ப்ராய் என்று விறகிலோ கரியிலோ சுடுவார்கள். கேஸ் அடுப்பில் சுட்டால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். செப்டம்பர் 24 மரபு தினத்தைப் பலர் ப்ராய் தினம் என்றே கொண்டாட, ஆர்ச்பிஷப் டுட்டுவே 2007-ல் அதற்குப் புரவலராக இருந்தார். எனக்குக் கிடைத்த டர்பன் தமிழ் வீட்டில் பாஷை ஏறக்குறையப் போயிருந்தது, மிளகாய்த்தூள் போகவில்லை. ஆட்டு விலாவில் சிவக்கச் சிவக்க மசாலா பூசி நெருப்பில் போட்டார்கள். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். மாமா நூற்றுக்கு நூறு போட்டார்.

இவ்வளவு பேசும் நாமும் ஒருகாலத்தில் சுட்டவர்கள்தான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தாளி, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியைச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுக்கித் தின்கிறான். பகலும் இரவும் தின்று பல், உழுது தேய்ந்த கொழுவாக மழுங்கிப் போகிறது. நடுவே ஒருநாள் அரசனே, ஐயா, கொஞ்சம் சோறும் சாப்பிடும் என்று கேட்டுக்கொள்ள, நெடுநெடுவென்ற அரிசிச் சோறும் பொரிக்கறியும் வருகின்றன. கறி சாப்பாடாக இருந்தது போய்ச் சோற்றுக்குத் தொட்டுக்கையாக ஆனது அன்றைக்குத்தான் என்பது என் ஆராய்ச்சி. பிஎச்.டி யாரும் தரவில்லை.

மிச்சசொச்சம் கோயில் கொடையில் இருக்கிறது. கிடா வெட்டியதும் ஈரலைத் துண்டாக்கி, பழைய குடைக்கம்பியில் குத்தி, உப்புத் தடவி, அண்டா அடுப்பின் ஓரத்துக் கங்கில் பிடிப்பார் மாமா. சுற்றிலும் பிள்ளைகள். வெளியே கருகி உள்ளே ஈரமாக இருக்கும்போது ஊதி ஊதிக் கையில் வைப்பார். "இதுக்குத் தொட்டுக்கிட என்ன மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "சாமி ஈரலுக்கு என்னத்துக்குல தொட்டுக்கிட?" என்றார். சட்டம் போட்டவருக்கே விதிவிலக்கு.

இப்போது நம்மூரில் சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கிரில் சிக்கன் சுற்றுகிறது. கோழியில் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் வைக்கிற அந்த வெள்ளைப் பசை, மயோனைஸ், அதுதான் சகிக்கவில்லை. கிருமி பயத்தால் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடையே விதித்தது. தொட்டுக்கைக்கு அரசாணை! மாமா வாழ்நாளில் பாராட்டிய ஒரே அரசாணை.

கிரில் கடை வைத்திருப்பவர்களே, முட்டை போட்டதும் வேண்டாம், போடாததும் வேண்டாம். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் புளியும் வைத்து அரைத்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றி ஒரு கரண்டி வையுங்கள். பத்து ரூபாய் கூடப் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.