பூட்டுப் போட்ட பாட்டு

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை, 2005-ஆம் வருஷம் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். என் கம்ப்யூட்டரில் ஒன்றுகூடப் பாடவில்லை, அனுமதி இல்லையாம். அவரிடம் கேட்கவும் சங்கோஜமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: மாப்பிள்ளை காசு கொடுத்து வாங்கினதனால்தான் ஐயா தங்களுக்கு இந்தச் சங்கடம், களவாக எடுத்த பாட்டாக இருந்திருந்தால் இந்நேரம் கணீரென்று பாடியிருக்கும். ஃபைல் பெயரின் வாலில் எம்4பி என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், ஆப்பிள் கம்பெனியார் 2003 ஏப்ரல் 28-ஆம் தேதி திறந்த ஐடியூன்ஸ் கடையில், பாட்டு ஒன்று 99 சென்ட் வீதம் விற்ற சரக்கு அது. அந்த நாளில் அங்கே விற்ற பாட்டின்மேலெல்லாம் ஃபேர்பிளே என்ற பூட்டு மாட்டியிருந்தபடியால், வாங்கியவருடைய பாஸ்வேர்டைக் கொடுத்து அங்கீகாரம் பெற்ற ஐந்து கம்ப்யூட்டர்களுக்கு வெளியே அது வாய் திறக்காது. வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, சாவிக்கொத்தை மட்டும் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போகிறவரிடம் வாங்கிய வீடு இது. குடியிருக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

பரிகாரம் உண்டு. சங்கோஜத்தை ஒதுக்கிவைத்து, மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது தங்கள் கம்ப்யூட்டரில் அவர் கணக்கைக் கொண்டு அங்கீகாரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். அல்லது அவருடைய கம்ப்யூட்டரிலேயே அந்தப் பாட்டுகளைச் சாதாரண சிடியாக எழுதி, அந்தச் சிடியிலிருந்து எம்பி3-ஆக மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இது திருட்டு வழியன்று. ஒரே வரிசையான பாட்டுகளை ஏழு சிடி வரையில் எழுதிக்கொள்ளலாம் என்று கடைக்காரரே அனுமதித்திருந்தார். இரண்டு தடவை சுருக்கப்படுவதால் நாதத்தில் கொஞ்சம் நயம் குறையும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை.

கேள்வி: இந்தப் பூட்டைப் போட்டது கடைக்காரரா, பாட்டுக்கு உடையவர்களா?

பதில்: கடைக்காரரைக் கேட்டால் உடையவர்களைக் காட்டுவார். 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கட்டுரை எழுதி, யுனிவர்ஸல், சோனி பிஎம்ஜி, வார்னர், ஈஎம்ஐ என்ற நான்கு பெரிய கம்பெனிகளும் பூட்டு இல்லாமல் பாட்டுத் தரமாட்டோமென்று நின்றதனால்தான் தாம் பூட்ட வேண்டியிருந்தது என்று கையை விரித்தார். அந்தக் கட்டுரையில் ருசிகரமான பகுதி அவர் போட்ட கணக்குத்தான். அதுவரை விற்ற ஐபாட் 9 கோடி. விற்ற பாட்டு 200 கோடி. ஆக ஒரு ஐபாடுக்குச் சராசரியாக 22 பாட்டு. ஆயிரம் பாட்டுக் கொள்ளுகிற பெட்டியில் பூட்டுப் பாட்டு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய ஒரே வருஷத்தில் இந்த நான்கு கம்பெனிகளுமாகச் சேர்ந்து சிடிகளின் மூலமாகப் பூட்டே இல்லாமல் விற்ற பாட்டுகளோ 2,000 கோடிக்கு மேல். முன்வாசலை அகலத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைப்புற ஜன்னலுக்கு இரும்புக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே இதன் தாத்பரியம்.

கணக்கு வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பூட்டினால் கடைக்காரருக்கும் நஷ்டம் ஏதும் இருக்கவில்லை என்பதை அவர் அவ்வளவு விஸ்தாரமாக எழுதவில்லை. ஐடியூன்ஸில் பாட்டு வாங்கிச் சேர்த்தவர் அடுத்த பெட்டியும் ஐபாடாகவே வாங்க வேண்டியதாயிற்று. 2004-இல் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனியார் தங்கள் கடைப் பாட்டும் ஐபாடில் பாடும்படி ஒரு யுக்தி கண்டுபிடித்தபோது, ஆப்பிள் கம்பெனிக்கு வந்த கோபம், பாட்டுக்கு உடையவர்களுக்காக வந்த கோபமாக எனக்குத் தோன்றவில்லை. எப்படியோ, 2007-இல் ஈஎம்ஐ முதலில் இறங்கிவந்தது. பூட்டில்லாத பாட்டு 1.29 டாலர். அதே வருஷம் அமேஸான் பூட்டில்லாத எம்பி3 விற்க ஆரம்பித்தது. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸும் பூட்டை எடுப்பதாக அறிவித்தது. பழைய பாட்டின் பூட்டைக் கழற்றிக்கொள்ள விரும்பினவர்கள் பாட்டுக்கு 30 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. பூட்டியதற்கும் காசு, திறந்ததற்கும் காசு.

கேள்வி: சிடியில்கூடப் பூட்டு இருந்ததாமே? தட்டுக்கு எங்கே ஐயா பூட்டு மாட்டுவது? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: மாட்டிப் பார்த்தார்கள், அம்மா. 2002-இல் ஐரோப்பாவில் விற்ற சில தட்டுகளின் ஓரத்தில், கம்ப்யூட்டரைக் குழப்புவதற்கென்றே ஒரு பொய்யான வட்டத்தை எழுதிவைத்தார்கள். சாதாரண சிடி பிளேயர் அதை லட்சியம் செய்யாமல் பாடும், கம்ப்யூட்டர் திகைத்து நின்றுவிடும் என்பது யோசனை. சில ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் திகைத்ததோடு நிற்காமல், உள்ளே வாங்கிய தட்டைத் திருப்பித் தரவும் மறுத்தன. பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கும் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து ஓரத்து வட்டத்தின்மேல் ஒரு கறுப்புக் கோடு இழுத்தால் அந்தப் பூட்டு கழன்றுபோகும் என்று சில நாளிலேயே ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம், தட்டைப் போட்டவுடன் தானாக ஏறிக்கொள்ளும் ஒரு காவல் புரோகிராமைச் செய்தார்கள். தட்டைப் போடும்போது கீபோர்டில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டிருந்தால் அது ஏறாது என்று பிரின்ஸ்டன் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் எழுதினார். செய்த கம்பெனியார் அவர்மேல் வழக்குப் போடுவதாகச் சீறி, விரல் நுனியால் ஒரு கீயை அழுத்தியதைக் குற்றமென்று நீதிபதியிடம் சொல்வதிலுள்ள கஷ்டத்தை உணர்ந்தோ என்னவோ, உடனே பின்வாங்கினார்கள்.

இவையெல்லாம் ஹாஸ்யம். 2005-இல் நடந்தது ஹாஸ்யமன்று. சோனி பிஎம்ஜி கம்பெனியார் வெளியிட்ட ஐம்பது சொச்சம் சிடிகளில் எக்ஸ்சிபி என்ற காவல் புரோகிராம் இருந்தது. தட்டைப் போட்டவருடைய கம்ப்யூட்டருக்குள் அது இறங்கி, தன் ஃபைல்கள் யார் கண்ணுக்கும் படாதபடி விண்டோஸின் அடிவயிற்றில் ஒளிந்துகொள்ளும். அவ்வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி மார்க் ருஸினோவிச் என்ற நிபுணர், தம் கம்ப்யூட்டரில் தாம் அறியாமல் குடியேறியிருந்த இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். டாலர் குறியில் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னெழுத்தைக் கொண்ட எந்த ஃபைலையும் அது மறைத்துவிடும் என்பதால், வைரஸ் எழுதுகிறவர்கள் தங்கள் சரக்குக்கும் அதே முன்னெழுத்தைச் சூட்டி, செலவில்லாமல் ஒளிந்துகொண்டார்கள். அதை நீக்குவதற்கென்று கம்பெனியார் கொடுத்த மருந்து, வியாதியைவிடப் பெரிய ஓட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டது. கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற்று, வழக்குகளில் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. இதற்குமேல் ஒரு விசேஷமும் உண்டு: நகலெடுப்பதைத் தடுக்க வந்த அந்தப் புரோகிராமைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அதற்குள்ளேயே பிறர் எழுதிய புரோகிராமின் வரிகள், உரிமை நிபந்தனைகளை மதிக்காமல் எடுத்தாளப்பட்டிருந்ததைக் கண்டார்கள்.

கேள்வி: பூட்டுப் போட்ட கடையையே மூடிவிட்டால்?

பதில்: மைக்ரோஸாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் 2006-இல் மூடப்பட்டது. 2008 ஏப்ரலில் வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி தரும் சர்வர் ஓடாது, அதன்பின் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் பழைய பாட்டுப் பாடாது. கூச்சல் எழுந்த பிறகு கெடுவை 2011 முடியும் வரையில் நீட்டினார்கள். இதே கம்பெனியார் 2004-இல், எந்தப் பெட்டியில் எந்தப் பாட்டுப் பாடும் என்று ஜனங்கள் மயங்காதிருக்கப் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று ஒரு முத்திரையைப் பல கம்பெனிப் பெட்டிகளின்மேல் குத்தி வைத்தவர்கள். இரண்டு வருஷம் கழித்து ஸூன் என்ற பெட்டியைத் தாங்களே செய்து விற்றபோது, முத்திரை குத்திய பாட்டுகள் அதில் பாடவில்லை.

கேள்வி: பூட்டை உடைத்தால் நம் ஊரில் ஜெயிலா?

பதில்: 2012-இல் திருத்திய நமது காப்பிரைட் சட்டத்தின் 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தவருக்கு இரண்டு வருஷம் வரையில் சிறையும் அபராதமும் என்கிறது. எண்ணம் என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். அமெரிக்கர்களின் 1998-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வளவு தாராளமானதன்று. ஆயினும் தங்கள் எண்ணத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் செலவு, அந்தப் பாட்டின் விலையைவிட அதிகமாகும்.

கேள்வி: பென் டிரைவிலுள்ள பாட்டு வீட்டில் பாடுகிறது, காரில் பாடவில்லை. இதுவும் பூட்டா? (சேலம்)

பதில்: பூட்டன்று, காரின் படிப்பறிவு அவ்வளவுதான். எஃப்ஏடி32 முறையில் பென் டிரைவை ஃபார்மேட் செய்து, பாட்டை எம்பி3-ஆக மாற்றிப் போடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும். முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையெல்லாம் பழங்கதை. நான் மாதச் சந்தா கட்டி ஆயிரக்கணக்கில் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். (கோயம்புத்தூர்)

பதில்: அதில் ஒரு பாட்டைப் பென் டிரைவுக்கு மாற்றிச் சேலத்து நண்பருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு, 30 நாளுக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் வந்து தலையைக் காட்டாவிட்டால் பாடாது. சந்தா நின்றால் டவுன்லோடும் நின்றது. வாடகை வீடு என்று தெரிந்தே குடியிருப்பதில் ஆட்சேபம் எனக்கு இல்லை; கும்பகோணத்து மாப்பிள்ளை பாவம், சொந்த வீடென்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: அப்படியானால் பூட்டில்லாத பாட்டு இன்றும் விலைக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுக்கு இப்போது பூட்டு இல்லை. பேண்ட்கேம்ப் என்ற இன்டர்நெட் கடையில் பல வித்வான்கள் தாங்களே விற்கிறார்கள்; எம்பி3 வேண்டுமா, எஃப்எல்ஏசி வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கின அன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மாப்பிள்ளை வீடானாலும் சரி.