கத்தாமல் விற்குமா கெளுத்தி?

(இந்த வாரம்: பழவேற்காடு வாசகர்களின் கேள்விகள்)

கேள்வி: மீன் விற்கும் பெண் என்றாலே மீம்களில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்துகிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படியா?
– கல்லூரி மாணவி, கூனங்குப்பம்

பதில்: கத்துகிறார்கள்தான். விடியற்காலை ஏலத்தில் போய், ‘அண்ணா, தயவுசெய்து அந்த இறாலை எனக்குத் தருவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ‘தயவு’க்கு வருவதற்குள் இறால் ஐஸ் பெட்டியில் ஏறிப் பொன்னேரியைத் தாண்டியிருக்கும்.

ஏரியில் வலை போடுவதற்குப் ‘பாடு’ இருக்கிறது. எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதனால் தினமும் இடத்துக்காகத் தொண்டை கிழியவேண்டியதில்லை. அந்தப் பாடு ஆண்களுக்கு. கரைக்கு வந்த பிறகு பெண்ணுக்கு எந்த முறையும் கிடையாது. ஏலத்தில் கூடை, ஷேர் ஆட்டோவில் இடம், சந்தையில் கொஞ்சம் நிழல், எல்லாவற்றையும் வாயால்தான் பிடித்தாக வேண்டும்.

வாயே திறக்காதவர்களும் இதே ஏரியில் உண்டு. தண்ணீருக்குள் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கையில் அகப்பட்ட இறால் நேரே மோவாய்க்குக் கீழே பறிக்குள் போகும். வாயைத் திறந்தால் பறி போச்சு. அவர்களை வைத்து ஒரு மீமும் என் கண்ணில் பட்டதில்லை.

கேள்வி: புருஷனை அடிக்கும் பொண்டாட்டி ஜோக்கை மீம் போடுகிறவர்கள்தான் கண்டுபிடித்தார்களா?
– வாசகர், ஜமீலாபாத்

பதில்: காப்புரிமை ஔவையார் பெயரில் இருக்கிறது. தனிப்பாடல் ஒன்றில் ஒரு கணவன் மனைவியைக் கொஞ்சி, தலையில் ஈரும் பேனும் எடுத்துவிட்டு, பக்குவமாக ‘விருந்து வந்திருக்கிறது’ என்கிறான். அவள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பழைய முறத்தால் அவனை ஓட ஓட அடிக்கிறாள். நாலு வரி, ஒரு காட்சி, ஒரு முறம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் போட்டாலும் ஓடும். அந்த வீட்டுப் பானையில் அரிசி இருந்ததா என்று மட்டும் பாட்டு சொல்வதில்லை. விருந்தாளியைக் கூட்டிவந்த மகராசனும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: சினிமாதானே இதையெல்லாம் கெடுத்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்னேரி

பதில்: ஷேக்ஸ்பியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அவருடைய அடங்காப்பிடாரி நாடகம் 1963இல் ‘அறிவாளி’யாக வந்தது. அதே ஜாடையில் 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’. முதல் படத்தில் சிவாஜி அடக்கிய பானுமதி, வெளியே பரணி ஸ்டூடியோ முதலாளி, இயக்குநர். இரண்டாவதில் அடக்கிய ஜெயலலிதாவின் கதை உங்களுக்கே தெரியும். திமிர் பிடித்த முதலாளியம்மாவை ரஜினி வழிக்குக் கொண்டுவரும் ‘மன்னன்’ வெளியான 1992இல், முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

கேள்வி: மீன்காரப் பெண்கள் வாடிக்கையாளரை எடுத்தெறிந்து பேசுகிறார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லை.
– சுற்றுலாப் பயணி, சென்னை

பதில்: நற்றிணை 45ஆம் பாட்டைப் படியுங்கள். வேகத் தேர் வைத்திருக்கும் பெரிய இடத்துப் பையன் பரதவப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தோழி சொல்வதன் சாரம்: நாங்கள் காயவைத்த சுறாவுக்குப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் புகார் இரண்டாயிரம் வருஷம் தாமதமாக வந்திருக்கிறது.

கேள்வி: கத்துவதால் என்ன பயன்?
– வாசகி, லைட்ஹவுஸ் குப்பம்

பதில்: 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் ஒரு மூதாட்டி கத்தினார். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக பஸ் ஏறியவரை, நாறுகிறது என்று இறக்கிவிட்டிருந்தார்கள். ஊரே பார்க்க அங்கேயே நின்று நியாயம் கேட்டார். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம். முதலமைச்சரே வருத்தம் தெரிவித்தார். அதே வீடியோவில் அந்த மூதாட்டி கை நீட்டிக் கத்தும் ஒரு நொடியை மட்டும் வெட்டி, மேலே ‘மாமியார் மூடு அவுட்’ என்று எழுதியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். வெட்டாததால் அது சாட்சியானது.

பாரிஸ் சந்தைப் பெண்களும் 1789 அக்டோபர் 5ஆம் தேதி ரொட்டிக்காகக் கத்திக்கொண்டே வெர்சாய் அரண்மனைவரை நடந்தார்கள். மறுநாள் ராஜாவையே கையோடு அழைத்து வந்துவிட்டார்கள். மீன்காரிகளும் அதில் உண்டு.

கேள்வி: என் மனைவி கத்தினால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவரை கேட்கிறது. குறைக்க வழி?
– மீனவர், அரங்கம்குப்பம்

பதில்: அவர் கத்திய தேதிகளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். நீங்கள் டாஸ்மாக் போன தேதிகளையும் போடுங்கள். இரண்டு பேனா தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: மீன் வாங்கும்போது பேரம் பேசலாமா, கூடாதா?
– இல்லத்தரசி, மீஞ்சூர்

பதில்: தாராளமாக. செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நூறு ரூபாய்க் கூறை நாற்பதுக்குக் கேட்டுவிட்டு, பதில் வரும்போது மட்டும் கேமராவை ஆன் செய்யாதீர்கள்.

கேள்வி: மீன் கூடையோடு இருக்கும் அம்மாவின் படத்தை வைத்து ‘பேய் வந்தாச்சு’ என்று மீம் போட்டேன். 300 லைக். அம்மா பார்த்துவிட்டார். இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை.
– கல்லூரி மாணவன், கோட்டைக்குப்பம்

பதில்: தம்பி, இந்த செமஸ்டர் ஃபீஸை அந்த 300 பேரிடம் கேட்டுப் பார்த்தாயா?